பூசை உடுப்பில் கை எம்பிராய்டரி: டிசைனை எங்கே தேடுவது, எந்தத் தையல் நிற்கும்

கல்யாண பிளவுஸுக்கு ஆரி ஒர்க் போட்டுப் பழகிய கை உங்களுடையது. பங்குத்தந்தையின் குருத்துவ வெள்ளிவிழாவுக்கு ஒரு பூசை உடுப்பும் ஸ்டோலும் (குரு கழுத்தில் அணியும் நீண்ட பட்டை) கையாலேயே செய்து தர வேண்டும். டிசைனுக்கு எதைப் பார்ப்பது, எந்தத் தையலைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலில் முக்கால் பங்கு ஒரே விஷயத்தில் அடங்கியிருக்கிறது: தூரம். பிளவுஸை இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார்கள். பூசை உடுப்பை முப்பது, ஐம்பது அடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பத்து மீட்டர் தூரத்தில் நல்ல பார்வை உள்ளவருக்கே பிரித்துத் தெரியும் மிகச் சிறிய அளவு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ஒற்றை ஜரிக் கோடு, சுகர் பீட்ஸ், குட்டிக் குட்டி நாட் எல்லாம் அந்தத் தூரத்தில் மங்கலான மினுமினுப்பாகக் கரைந்துவிடும். முதன்மை உருவத்தின் வெளிக்கோட்டை 5, 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். பிளவுஸில் ஒரு சாண் இடத்துக்குள் அடைக்கிற வேலையை இங்கே மூன்று சாணுக்கு விரிக்க வேண்டும். பாதி உருப்படிகளைக் கழற்றியும் விட வேண்டும்.

திருச்சபையின் விதியும் இதைத்தான் சொல்கிறது. உரோமைத் திருப்பலி நூலின் முன்னால் உள்ள பொது விதிமுறைகளில் 344ஆம் எண், உடுப்பின் அழகு துணியிலும் வடிவத்திலும் இருந்து வரவேண்டுமே தவிர மேலே ஏற்றும் அலங்காரத்தின் அளவிலிருந்து அல்ல என்கிறது. அலங்காரமாகப் போடும் உருவங்களும் திருவழிபாட்டைச் சுட்டுவனவாக இருக்க வேண்டும். 343ஆம் எண் அந்தந்த ஊரின் இயற்கைத் துணிகளுக்கு இடம் தருகிறது. ஆக, இறக்குமதி டமாஸ்க் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பரமக்குடியிலோ சின்னாளப்பட்டியிலோ நெய்த துணியிலும் தாராளமாகச் செய்யலாம்.

நிறத்தை விழாவோடு நிறுத்தாமல் பிறகு வரும் பயன்பாட்டையும் நினைத்துத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை அல்லது சந்தன வெள்ளை எடுத்தால் கிறிஸ்துமஸ், பாஸ்கா காலம், மாதா திருநாள்கள், மறைச்சாட்சியர் அல்லாத புனிதர்களின் நாள்கள் எல்லாவற்றுக்கும் ஆகும். சிவப்பு, குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, தூய ஆவி பெருவிழா, திருத்தூதர், மறைச்சாட்சியருக்கு. ஊதா திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும், பச்சை பொதுக்காலத்துக்கும். வெள்ளிவிழா உடுப்பைப் பச்சையில் செய்யச் சொல்லி யாராவது கேட்டால் காரணம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசைன் தேட இணையத்தில் இறங்குவதற்கு முன் அந்தப் பங்கின் கோயிலுக்குள் ஒரு முறை நடந்து பாருங்கள். நற்கருணைப் பேழையின் கதவு, பீடத்தின் முகப்பு, பலிபீடக் கம்பிக் கிராதி, ஜன்னல் கண்ணாடி. எதையாவது ஒன்றை உடுப்பில் திரும்பக் கொண்டுவந்தால் சாமியார் பீடத்தில் நிற்கும்போது இரண்டும் ஒட்டி நிற்கும். மதுரைக்கு அருகே இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம் போகக்கூடிய தூரம்தான். பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தைப் பார்த்து 1894இல் கட்டியது. அங்கே வளைவுகளின் கூரிய முனையையும், வண்ணக் கண்ணாடியில் நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே ஓடும் கருங்கோட்டையும் கவனியுங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் தூரத்தில் உருவம் தெரியாது. வெள்ளைத் துணியில் பொன் ஜரி போடும்போது உங்களுக்கு வரப்போகும் சிக்கலும் அதேதான்: பொன்னும் சந்தன வெள்ளையும் கலந்துவிடும். பொன் உருவத்தைச் சுற்றி அடர் குங்குமச் சிவப்பிலோ காப்பிப் பழுப்பிலோ ஒரு காம்புத் தையல் ஓட்டினால் உருவம் தனியே எழுந்து நிற்கும்.

இன்னொரு நல்ல பள்ளிக்கூடம் தேர்த் தொம்பையும் (தேரில் தொங்கும் உருளை வடிவத் துணி அலங்காரம்) கோயில் குடையும். மதுரை புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களின் கடைகளில் தொங்குவதைப் பாருங்கள். வெட்டி ஒட்டிய பெரிய பெரிய உருவங்கள், எதிர் நிறம், ஓரத்தில் தடித்த கயிறு. மாசி வீதிக் கூட்டத்தின் பின்னால் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த முறை அது. உருவத்தை எடுக்க வேண்டாம், முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

உருவத்தை எடுக்கும்போது மதுரையில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. மயில் பழைய கிறிஸ்தவக் கலையில் அழியா வாழ்வின் அடையாளம். ஆனால் திருப்பரங்குன்றத்துக்கு இத்தனை பக்கத்தில் மயிலைப் போட்டால் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள். இரட்டை மீனும் அப்படியே. இங்கே அது பாண்டியர் சின்னம். மீன் வேண்டும் என்றால் நடுவில் அப்பக் கூடையை வைத்து இருபுறமும் மீனை வையுங்கள். கலிலேயாவில் தப்கா கோயிலின் பழைய தரை மொசைக்கில் இருக்கும் அமைப்பு அதுதான், குழப்பம் வராது. தாமரையைத் தயங்காமல் போடலாம். சென்னை பரங்கிமலையில் உள்ள பழைய கல் சிலுவையே தாமரை மேல் நிற்கிறது, மேலே புறா இறங்குகிறது. சி.எஸ்.ஐ. சின்னத்திலும் சிலுவையும் தாமரையும்தான். அந்தச் சபை ஆயருக்கு ஸ்டோல் செய்தாலும் அது பொருந்தும்.

கோதுமைக் கதிரும் திராட்சையும் எல்லோரும் கேட்பது. திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் கொடியைப் பார்த்தே வரையலாம். இலையின் ஐந்து மடல், சுருள் பற்றுக்கம்பி இரண்டும் சரியாக வந்தால் பழத்தை வெறும் வட்டமாகப் போட்டாலும் போதும். கோதுமையில்தான் தவறு நடக்கிறது. நம் கண்ணுக்குப் பழகியது நெல் என்பதால் தலை சாய்ந்த நெற்கதிரை வரைந்துவிட்டுக் கோதுமை என்கிறார்கள். கோதுமைக் கதிர் நிமிர்ந்து நிற்கும், மணிகள் இரு பக்கமும் பின்னல்போல அடுக்கியிருக்கும், நுனியில் நீண்ட விறைப்பான மீசை இருக்கும். முள்முடிக்குக் கருவேல முள்ளைப் பாருங்கள். கணுவுக்குக் கணு இரட்டை முள். அதை அப்படியே வரைந்தால் ரோஜா முள் போட்ட கிரீடத்தைவிட உறைக்கும். சிவப்பு உடுப்பு செய்கிறவர்களுக்குக் குருத்தோலையில் மடக்கிய சிலுவை இருக்கிறது. ஓலை மேலும் கீழுமாகப் போகிற அந்தப் பின்னல், ஜரியில் போடும் கூடைப் பின்னல் கவுச்சிங்குக்கு (ஜரியைத் துணி மேல் படுக்க வைத்து வேறு நூலால் பிடிக்கும் தையல்) அளவெடுத்ததுபோல் பொருந்தும். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) திருநாளுக்கும் அந்த உடுப்பு ஆகும்.

சிக்குக் கோலம் ஸ்டோலுக்கு மிக நல்லது, ஏனென்றால் ஒரே கோடு அறுபடாமல் போவதால் ஜரியை வெட்டி வெட்டி முடிக்க வேண்டியதில்லை. சுங்குடிப் புள்ளி வரிசையைப் பின்னணி நிரப்பலாக எடுக்கலாம். முழு உடுப்பையும் சுங்குடித் துணியிலேயே தைக்க நினைத்தால் முதலில் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். சாயம் இறங்கினால் விட்டுவிடுங்கள். இதே சோதனையைச் சிவப்பு, நீலப் பட்டு நூலுக்கும் செய்யுங்கள்.

ஒரு உடுப்புக்கு ஒரு முதன்மை உருவம், ஒரு துணை உருவம். அதற்கு மேல் போனால் விளம்பரத் தட்டி ஆகிவிடும். பெயர், தேதி, நன்கொடையாளர் பெயர் எல்லாம் உள் லைனிங்கில், சிறிய எழுத்தில்.

வரைந்ததை முழு அளவில் பிரவுன் பேப்பரில் வெட்டி, கோயிலில் இருக்கும் பழைய உடுப்பில் குத்தி, பீடத்துக்கு முன் தொங்கவிட்டுக் கடைசிப் பெஞ்சிலிருந்து பாருங்கள். காகிதத்தில் தெரியாதது ஜரியிலும் தெரியாது.

இனி அளவு. இப்போது பெரும்பாலும் அணிவது அகன்ற வடிவ உடுப்பு. சராசரி உயரத்துக்கு முன்புறம் 50 அங்குலம், பின்புறம் 52. அறுபது அங்குல அகலத் துணி கிடைத்தால் இரண்டே முக்காலிலிருந்து மூன்று மீட்டர் போதும். கைத்தறிச் சேலை என்றால் அகலம் 48 அங்குலத்தை ஒட்டி நிற்கும். ஐந்தரை மீட்டரை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் துண்டு சேர்க்க வேண்டும். அந்த மூட்டை மறைக்கச் சேலையின் பார்டரே உதவும். பார்டரில் என்ன உருவம் ஓடுகிறது என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள். யாளியும் கோபுரமும் பாதி வேலையில் கண்ணில் பட்டால் கஷ்டம். ஸ்டோல் மொத்த நீளம் 108 முதல் 112 அங்குலம், கழுத்தில் 3 அங்குலம், முனையில் 4 முதல் 5. ஸ்டோல் உடுப்புக்கு அடியில் போவதால் அதில் புடைப்பு வேலை வேண்டாம், நெஞ்சில் முண்டும். முனைக்கு மட்டும் கான்வாஸ் வைத்துக் கொஞ்சம் கனம் கொடுங்கள், இல்லையென்றால் பீடத்துப் பெடஸ்டல் ஃபேன் காற்றில் பறக்கும்.

எம்பிராய்டரியை உடுப்புத் துணியின் மேல் நேரடியாகப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. தனித் துணியில் செய்து, வெட்டி, உடுப்பின் மேல் பொருத்துங்கள். நடுப்பட்டையும் சிலுவையும் ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் செய்யப்பட்டன. வியர்வையில் உடுப்புத் துணி நைந்து போகும்போது வேலைப்பாட்டை எடுத்துப் புதுத் துணியில் வைக்கலாம். உடுப்பின் முழுப் பட்டுத் துணியையும் ஃபிரேமில் சுருட்டி வைத்து அழுக்காக்க வேண்டிய தேவையும் இல்லை.

அடித்துணிக்குக் கெட்டியான காடா. ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே ஃபிரேமில் ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் முதல் மழைக்காலத்திலேயே காடா சுருங்கி மேல் பட்டு கொப்புளம் கொப்புளமாக எழும். காடாவை ஆரி ஸ்டாண்டில் தட்டினால் 'டம்' என்று கேட்கும்படி இழுத்துக் கட்டி, அதன் மேல் பட்டுத் துணியை நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்டுத் தையல் போட்டுப் பொருத்துங்கள். இரண்டின் இழை ஓட்டமும் ஒரே திசையில் இருக்க வேண்டும். வட்ட வளையத்தில் பட்டுத் துணியைக் கவ்வ விடாதீர்கள், அந்த வளையத் தடம் போகாது.

டிசைன் பதிப்பதில் பிளவுஸ் வழக்கம் இங்கே ஆபத்து. பட்டர் பேப்பரில் ஓட்டை குத்தி மண்ணெண்ணெயில் நீலம் கரைத்துத் தடவுவது வெள்ளைப் பட்டில் கறையாக நின்றுவிடும். அதே குத்திய பேப்பரை வைத்து, மெல்லிய கரித்தூளும் முகப்பவுடரும் கலந்து பஞ்சால் ஒற்றுங்கள். பேப்பரை எடுத்ததும் புள்ளிகளைத் தொடர்ந்து வெளிர் நூலில் ஓட்டுத் தையல் போட்டுவிட்டுத் தூளை ஊதித் தட்டிவிடுங்கள்.

தையலுக்கு வருவோம். பட்டு வேலை முதலில், ஜரி அதற்குப் பிறகு, நக்ஷி (சுருள் உலோகக் கம்பி), சமிக்கி போன்றவை கடைசியில். மாற்றிச் செய்தால் கை உரசி ஜரி பிசிறும்.

முகம், கை, புறாவின் உடல் போன்றவற்றுக்கு ஸ்பிளிட் ஸ்டிச். ஊசி முன்னால் போட்ட தையலின் நூலையே நடுவில் பிளந்துகொண்டு மேலே வரும். ஒரு தையல் 2, 3 மில்லிமீட்டர்தான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் சயான் மேலங்கி என்ற திருவழிபாட்டு உடுப்பு 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை. அந்தக் கால இங்கிலாந்து வேலைகளில் முகத்துக்குக் கன்னத்தின் நடுவிலிருந்து சுழி சுழியாக இந்தத் தையலையே ஓட்டினார்கள். வெளிச்சம் அந்தச் சுழியில் பட்டுக் கன்னம் உருண்டு தெரியும். ஒற்றை இழைப் பட்டு நூல் வேண்டும். முதல் உடுப்பிலேயே முகத்தில் கை வைக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் இயேசுவின் பார்வை கோணும், அதை மறைக்க வழியே கிடையாது.

இதழ், இலை, சுடருக்கு லாங் அண்ட் ஷார்ட் (நீளமும் குட்டையுமாக மாறி மாறிப் போடும் தையல்). தெளிவான எல்லை வேண்டிய இடத்தில் முதலில் ஒரு ஸ்பிளிட் ஸ்டிச் வரிசை போட்டு, அதன் வெளிப்பக்கமாக ஊசியை இறக்குங்கள். ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். சாட்டின் தையல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் மோதிரத்திலும் நாற்காலி முனையிலும் மாட்டும். அதைவிட அகலம் என்றால் நடுவில் பிரித்துவிடுங்கள். உங்களுக்குப் பழகிய ஆரி செயின் ஸ்டிச்சைப் பெரிய பரப்பை நிரப்பப் பயன்படுத்தலாம், ஆனால் ஓரிடத்தில் அறுந்தால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வரும். நான்கு அங்குலத்துக்கு ஒரு முறை பின்னால் முடிச்சிட்டு மறுபடி தொடங்குங்கள்.

உடுப்புக்கு உயிர் கொடுப்பது ஜரி கவுச்சிங். இரண்டு ஜரியை ஜோடியாகத் துணி மேல் படுக்க வைத்து, வேறொரு மெல்லிய நூலால் 3, 4 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் குறுக்கே போட்டுப் பிடிப்பது. அடுத்த ஜோடியில் தையல் முந்தைய இரு தையல்களுக்கு நடுவே விழ வேண்டும், செங்கல் கட்டு மாதிரி. பிடிக்கும் நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள், ஜரி உரசியே அறுத்துவிடும். இறுக்கி இழுத்தால் ஜரியில் இடுப்பு விழும், தளர்த்தினால் வரிசைக்கு இடையே துணி தெரியும். ஊசி வெளிப்பக்கத்தில் மேலே வந்து, முன்பே போட்ட வரிசையை ஒட்டிச் சாய்வாகக் கீழே இறங்கினால் இடைவெளி விழாது. கூர்மையான முனையில் இரண்டு ஜரியையும் சேர்த்துத் திருப்பினால் முனை மழுங்கும். வெளி ஜரியைத் தனியாகத் திருப்பி ஒரு தையல், பிறகு உள் ஜரியைத் திருப்பி ஒரு தையல். நுனிகளை வெட்டி மேலேயே விடாமல், பெரிய கண் ஊசியால் பின்புறம் இழுத்து அங்கே தைத்துவிடுங்கள்.

பிடிக்கும் நூலின் நிறம் பொன்னின் நிறத்தையே மாற்றும். மஞ்சள் என்றால் பொன் அமைதியாக இருக்கும், சிவப்பு என்றால் செம்பொன் ஆகும். இதையே ஓவியமாக்கியதுதான் 15ஆம் நூற்றாண்டு பர்கண்டி நாட்டு வேலை: பொன் வரிசை முழுவதும் நேராக ஓட, பட்டு நூலை நெருக்கிப் போட்டால் நிழல், இடைவிட்டுப் போட்டால் வெளிச்சம். வியன்னா அரச கருவூலத்தில் பொன் ஆட்டுத்தோல் வீரர் குழுவின் உடுப்புகளில் இருக்கிறது. ஒரு தீநாக்கு, ஒரு திராட்சை இலை அளவுக்கு இதை முயலலாம்.

புடைப்பு வேண்டும் என்றால் மஞ்சள் ஃபெல்ட் மூன்று அடுக்கு. சிறியது அடியில், பெரியது மேலே. தலைகீழாக வைத்தால் படிக்கட்டு தெரியும்.

ஜரி எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டே வாங்குங்கள், ஏனென்றால் அடுத்த லாட் நிறம் பொருந்தாது. ஜரி அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 வரிசை, அதாவது 20 சென்டிமீட்டர் நூல். 30 சென்டிமீட்டர் உயரம், 20 அகலம், 4 சென்டிமீட்டர் பட்டை உள்ள சிலுவையின் பரப்பு 184 சதுர சென்டிமீட்டர். நூல் ஏறக்குறைய 37 மீட்டர். திருப்பத்துக்கும் நுனிக்கும் சேர்த்து 42 மீட்டர் வாங்குங்கள். 5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை முதலில் மாதிரியாகப் போட்டு நேரம் பார்த்துக்கொண்டால், அதை ஏழரையால் பெருக்கிச் சாமியாரிடம் உண்மையான தேதி சொல்லலாம்.

ஜரியில் மூன்று தரம்: வெள்ளியில் பொன் முலாம், செம்புக் கம்பியில் முலாம், பிளாஸ்டிக். நுனியைக் கொளுத்தினால் பிளாஸ்டிக் உருகி உருண்டையாகும்; முலாமைச் சுரண்டினால் செம்பு சிவக்கும். செம்பு ஜரி மதுரை வெயிலில் வியர்வை பட்டுக் கறுக்கும். ஞாயிறுதோறும் போடும் உடுப்புக்கு நல்ல பிளாஸ்டிக் ஜரியே புத்திசாலித்தனம், சூடான இஸ்திரி மட்டும் காட்டக் கூடாது. ஆண்டுக்கு நான்கு தடவை எடுக்கும் விழா உடுப்புக்கு வெள்ளி ஜரி போடலாம்.

பிளவுஸில் வராத சில தொல்லைகள் இங்கே வரும். காலர் மைக் குத்தும் நெஞ்சுப் பகுதியில் மணியும் நக்ஷியும் இருந்தால் உரசல் சத்தம் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கும். கழுத்திலிருந்து ஒரு சாண் இறக்கி வேலையைத் தொடங்குங்கள். கை தூக்கும்போது மடிகிற பக்க ஓரங்களில் கெட்டி வேலை வேண்டாம். ஸ்டோலின் கழுத்து உள்பக்கத்தில் கழற்றித் துவைக்கும்படி ஒரு வெள்ளைப் பருத்திப் பட்டை வையுங்கள். லைனிங்குக்கு மெல்லிய பருத்தி. பாலியஸ்டர் சாட்டின் வழுவழுப்பாக விழும், ஆனால் மே மாதப் பூசையில் உள்ளே இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். விழா முடிந்ததும் மாலையும் சால்வையும் போடுவார்கள். சந்தனமும் பூச்சாறும் பட்டுக்குக் கறை. போடுவதற்கு முன் உடுப்பைக் கழற்றச் சொல்லி உபதேசியாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

வேலை முடிந்த துண்டை ஒன்றரை சென்டிமீட்டர் விளிம்பு விட்டு வெட்டி, பின்னால் மடக்கித் தைத்து, உடுப்பில் பொருத்தி, சுற்றிலும் கயிறு வைத்துப் பிடியுங்கள். பின்புறம் மைதாப் பசை தடவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. கீழ் விளிம்பை மடிப்பதற்கு முன் உடுப்பை இரண்டு நாள் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். சாய்விழைப் பக்கம் தானாக இறங்கும். இறங்கிய பிறகு மட்டம் பார்த்து மடித்தால் பக்கங்கள் வால்போலத் தொங்காது. பிறகு அலமாரியில் தொங்கவிடாமல், பழைய மெல்லிய வேட்டித் துணியை மடிப்புகளுக்கு நடுவே உருட்டி வைத்துப் படுக்கையாக வைக்கச் சொல்லுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். அந்துருண்டையை ஜரியில் படும்படி போடவும் கூடாது.